அடுத்த வகுப்பு எங்கே இருந்தது?

மாற்றுச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு: 'பள்ளியை விட்டு விலகும் காரணம்.' காரைக்கால் பகுதியில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆண்டுகளில் அந்தக் கட்டத்தை நானே பலமுறை நிரப்பியிருக்கிறேன். ஜூன் மாதத்தில் அலுவலகத்தில் வேலை குவிந்துவிடும். எழுத்தருக்கு உதவியாக எங்களில் இருவரை உட்கார வைப்பார்கள். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், கடைசியாகப் படித்த வகுப்பு என்று எழுதிக்கொண்டே வந்து, காரணம் என்ற கட்டத்தில் பழக்கத்தால் இரண்டு சொற்களை எழுதுவோம்: 'பெற்றோர் விருப்பம்.'

திருமணம் நிச்சயமான பெண்ணுக்கும் அதுதான் காரணம். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண்ணுக்கும் அதுதான். பேருந்து வசதி இல்லாததால் நின்றவளுக்கும் அதுதான். எந்தச் சான்றிதழிலும் 'மாணவி விருப்பம்' என்று நான் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. நான் வரலாறு படித்தவள், ஆவணங்களைச் சந்தேகத்தோடு வாசிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பொய் ஆவணங்களில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவிகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் எப்படித் தயார் செய்கிறது என்று கேட்டால், நாம் பாடத்திட்டத்தைப் புரட்டுகிறோம், தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கிறோம், வழிகாட்டல் வகுப்பு நடந்ததா என்று விசாரிக்கிறோம். ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் கழித்து யோசிக்கும்போது எனக்கு வேறு ஒரு கேள்விதான் முதலில் வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் பெண்ணுக்கு அடுத்த வகுப்பு எங்கே இருந்தது? எத்தனை கிலோமீட்டரில், எந்தத் தெருவில், எந்தப் பாடப்பிரிவில்? என் அம்மா, நான், என் மாணவிகள் என்று மூன்று தலைமுறையின் கதையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

*அம்மாவின் செர்த்திபிக்கா*

எங்கள் ஊர் 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. சுற்றிலும் பிரிட்டிஷாரின் தஞ்சாவூர் ஜில்லா, நடுவில் நாங்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அம்மா 1936இல் பிறந்தவர், பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தொடக்கக் கல்வி முடித்ததற்கான சான்றிதழை 'செர்த்திபிக்கா' என்பார். டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் அது கிடந்தது. கணக்குப் போடும்போது வாய்க்குள் 'ஆன், தூ, த்ருவா' என்று எண்ணுவார். மளிகைக் கடையில் கடைக்காரர் கூட்டி முடிப்பதற்குள் அம்மா மொத்தத்தைச் சொல்லிவிடுவார். அம்மாவின் படிப்புக்கு எங்கள் வீட்டில் மிஞ்சிய பயன் அவ்வளவுதான்.

பக்கலோரேயா வரை போக வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போக வேண்டும். சுமார் 130 கிலோமீட்டர். தாத்தா மாமாவை அனுப்பினார். அங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படித்த மாமா பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டு கப்பலேறினார். அம்மாவை அனுப்பும் பேச்சே எழவில்லை. "வயசுக்கு வந்த பொண்ண அவ்வளவு தூரம் யார் நம்பி அனுப்புவா?" என்று அம்மாவே பிற்காலத்தில் தாத்தாவுக்காகப் பேசுவார். பேசி முடித்துவிட்டு, "மாமாவை விட எனக்குத்தான் கணக்கு வரும்" என்பார்.

பிரெஞ்சுக்காரர்கள் நவீனக் கல்வியைக் கொண்டுவந்தார்கள், நம் குடும்பங்கள்தாம் பெண்களைத் தடுத்தன என்று ஒரு கதை எங்கள் ஊரில் உண்டு. அதில் பாதிதான் உண்மை. பிரான்சிலேயே பெண்களுக்கான அரசு உயர்நிலைப் பள்ளிகள் 1880இல் கமீய் சே கொண்டுவந்த சட்டத்தால்தான் தொடங்கின. அந்தப் பள்ளிகளில் பெண்களுக்கென்று தனிப் பாடத்திட்டம் இருந்தது. இலக்கியம், வாழும் மொழிகள், கொஞ்சம் அறிவியல், வீட்டு நிர்வாகம், தையல் எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் நுழையத் தேவையான பக்கலோரேயாவுக்குத் தயார் செய்யும் லத்தீன் கிடையாது. கடைசியில் பெண்களுக்கென்று ஒரு தனிப் பட்டயம் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட முடியாது. ஆண்களுக்குச் சமமான பாடத்திட்டம் பெண்கள் பள்ளிகளுக்கு வந்தது 1924இல். குடியரசு பெண்களுக்குப் பள்ளி கட்டிக் கொடுத்தது, அதன் மேல்படியை மட்டும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் கட்டாமல் விட்டது. படித்த மனைவியும் படித்த தாயும் அதற்குத் தேவைப்பட்டார்கள். படித்த பெண் தேவைப்படவில்லை.

இதையே நம் பக்கத்திலும் பார்க்கலாம். பாரதிதாசன் 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில்தான் தமிழாசிரியராகத் தன் அரசுப் பணியைத் தொடங்கினார். பெண்கல்விக்காக அவரைப் போல உரக்கப் பாடியவர்கள் குறைவு. பிள்ளைகளுக்கு அவர் பாடல்களைக் கற்பித்திருக்கிறேன், இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவருடைய படித்த பெண்ணுக்கு அவர் கொடுத்த இடம் எது என்று கேட்டால், அவர் நூலின் பெயரே பதில் சொல்லும்: 'குடும்ப விளக்கு'. விளக்கு வீட்டுக்குள் எரிவது. அடுத்த வகுப்புக்குப் போகும் பெண் வீட்டை விட்டு வெளியே வரவேண்டும்.

அடுத்த வகுப்பே இல்லாத இடத்தில் அதை உண்டாக்கியவர்களும் இருந்தார்கள். காவிரிப் படுகையை ஒட்டிய புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி மெட்ரிகுலேசன் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்தார். பிறகு ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் 1904இல் மன்னரின் அனுமதியோடு சேர்ந்தார். எதிர்ப்பு வராமல் இல்லை. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளியே வந்தார். அவருடைய அறிவை வியந்து பேசுகிறோம். மகளுக்காக எழுதிக் கேட்ட தகப்பனையும், சரி என்று சொன்ன மன்னரையும், ஊருக்குள்ளேயே இருந்த கல்லூரியையும் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறோம். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அவரும் என் அம்மாவைப் போல மளிகைக் கடைக் கணக்கோடு நின்றிருக்கலாம்.

*நடந்து போகும் தூரம்*

நான் 1958இல் பிறந்தேன். எங்கள் காலத்தில் பள்ளிகள் தமிழ்நாட்டு முறைக்கு மாறியிருந்தன. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி., அதன் பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., பிறகு மூன்றாண்டு பட்டப்படிப்பு. பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவில் இருந்த அந்த ஓராண்டுதான் பெண்களுக்கு ஆழமான வாய்க்கால். அது கல்லூரியில் இருந்தது. கல்லூரி என்றால் வெளியூர். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி 1955இல் வந்துவிட்டது. தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி 1966இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதலே இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம்தான். பதினாறு வயதுப் பெண்ணை அனுப்ப யோசிக்கும் வீட்டுக்கு அது வேறு தேசம்.

காரைக்காலிலேயே அரசுக் கலைக் கல்லூரி 1967இல் வந்தது. இன்று அது அறிஞர் அண்ணா பெயரில் இருக்கிறது. 'ஆம்பளப் பசங்க படிக்கிற காலேஜ்' என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். 1975இல் அவ்வையார் பெயரில் அரசு மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். என் அறிவாலோ அப்பாவின் முற்போக்காலோ நான் கல்லூரிக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மை அதுவல்ல. கல்லூரி நடந்து போகும் தூரத்தில் இருந்தது, அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு, பெண்கள் மட்டும் படிப்பது. மறுப்பதற்கு அப்பாவிடம் காரணம் மிச்சமில்லை. என்னைவிட நன்றாகப் படித்த அத்தை மகள் நான்கு ஆண்டுகள் முன்னால் பிறந்துவிட்டாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபோது ஊரில் மகளிர் கல்லூரி இல்லை. எனக்குக் கல்லூரி அடையாள அட்டை கிடைத்த ஆண்டில் அவள் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊரில் இரண்டு பெண் கவிஞர்களின் பெயர்கள் நாளும் புழங்குகின்றன. ஒருவர் அம்மையார். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் அவர் கதையை ஊரே நடித்துக் காட்டுகிறது, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறது. மற்றொருவர் கல்லூரிக்குப் பெயர் தந்த அவ்வையார். இருவரும் பாடினார்கள், இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். அப்படி நடப்பதற்காக ஒருவர் தன் அழகை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். மற்றவர் இளமையைத் துறந்து கிழவியானார் என்கிறது கதை. இளம்பெண்ணின் உடலோடு சாலையில் நடக்க நம் கதைகள்கூட வழி வைக்கவில்லை. அந்த உடலோடுதான் எங்கள் பிள்ளைகள் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

1978இல் தமிழ்நாடு பி.யு.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலை வகுப்புகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. அதே பாடத்திட்டத்தைப் பின்பற்றிய எங்கள் பகுதிக்கும் அது வந்து சேர்ந்தது. கோத்தாரி ஆணையம் 1964-66இல் சொன்ன கல்வி அமைப்பின் தொடர்ச்சி என்று கல்வி வரலாற்றில் எழுதுவார்கள். பெண்களின் வரலாற்றில் வேறு மாதிரி எழுத வேண்டும். கல்லூரியில் இருந்த வகுப்பு, அதே சீருடையோடும் அதே டீச்சர்களோடும் பிள்ளை ஏற்கனவே போய்வந்த கட்டடத்துக்குள் வந்துவிட்டது. பத்தாவதோடு நிறுத்தியிருக்கக்கூடிய தாய்மார்கள், "இன்னும் ரெண்டு வருஷம்தானே, இங்கேதானே" என்றார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகிவிடும். எந்தப் பெண்ணியத் தீர்மானமும் இல்லாமல், வகுப்பறையை இடம் மாற்றியதாலேயே பல வீடுகளில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. அதை என் கண்ணால் பார்த்தேன்.

தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பிற்காலத்தில் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பெண் படிக்க விரும்பாததோ, பெற்றோருக்கு அறிவில்லாததோ காரணம் என்றால் ஒரு மிதிவண்டியால் இதைச் செய்திருக்க முடியாது.

*இருக்கிற குரூப்*

அடுத்த வகுப்பு பள்ளிக்குள் வந்தபின் தூரம் இன்னொரு வடிவம் எடுத்தது. அதன் பெயர் பாடப்பிரிவு. கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த முதல் குரூப் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் வழி. வரலாறு, பொருளியல், வணிகவியல் குரூப் கலைக் கல்லூரிக்கு வழி. அலுவலக நடைமுறை, தையல், மனையியல் போன்றவை உடனடி வேலைக்கு என்று சொல்லப்பட்டன. பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், ஒரு மேசை முன்னால் நின்று எடுக்கும் முடிவு அது. திரும்பி வருவதற்கு வழி அநேகமாகக் கிடையாது.

இந்தப் பிரிவினைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1952-53இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம், பெண்கள் படிக்கும் பள்ளிகளில் மனையியல் படிக்கத் தனி வசதி வேண்டும் என்றது. பத்தாண்டுகளில் அதற்கு மறுப்பு வந்தது. ஹன்சா மேத்தா தலைமையில் 1962இல் அமைக்கப்பட்ட குழு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்தில் வேறுபாடு கூடாது, வீட்டு வேலை சார்ந்த பாடம் இருந்தால் அது இருபாலருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1964இல் சொன்னது. இந்தியப் பெண்களின் நிலை பற்றி ஆராய்ந்த குழு 1974இல் தந்த 'சமத்துவத்தை நோக்கி' அறிக்கையும் பொதுப் பாடத்திட்டத்தையே வற்புறுத்தியது. பி.எட். படிக்கும்போது இந்தக் குழுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் முதல் குரூப் இல்லை. ஆய்வகம் இல்லை, ஆசிரியர் பணியிடம் இல்லை, பெண்கள் பள்ளியில் யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள். அறிக்கைகள் நூலகத்தில் இருந்தன, தையல் இயந்திரங்கள் வகுப்பறையில் இருந்தன.

தையலையோ தட்டச்சையோ நான் இளக்காரம் செய்யவில்லை. தட்டச்சு லோயரும் ஹையரும் முடித்து அரசு அலுவலகத்தில் உட்கார்ந்த மாணவிகள் எனக்கு உண்டு. சொந்தச் சம்பளம் வாங்கிய முதல் பெண் என்று தங்கள் குடும்பத்தில் அவர்கள்தான் பெயரெடுத்தார்கள். செவிலியர் படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போனவர்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். 'பெண்களுக்கு ஏற்ற வேலை' என்று ஊர் ஒதுக்கித் தந்த அந்தக் குறுகலான சந்துக்குள்ளேயே அவர்கள் வாழ்க்கையைக் கட்டினார்கள். கணக்கு நன்றாக வரும் பெண்ணுக்கும் அந்தச் சந்தை மட்டுமே காட்டினோம் என்பதுதான் என் குறை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1994இல் பத்தாம் வகுப்பு தேறியவள். அம்மா நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவர். நடவு நாட்களில் பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கு மட்டம் போடுவாள். இருந்தும் கணக்கில் 96 வாங்கியிருந்தாள். முதல் குரூப் வேண்டுமானால் இரண்டு பேருந்து மாறி, ஆண்களும் படிக்கும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். சேர்க்கை மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "இங்க இருக்கிற பாடத்துலேயே போட்டுடுங்க டீச்சர். உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்றார். நான் வணிகவியல் குரூப் என்று எழுதினேன். பெண் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மாவின் நம்பிக்கை எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் கேட்க மறந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தட்டச்சு படித்து, பத்தொன்பதில் கல்யாணமாகிப் போனாள். 2023 மே மாதம் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கூட மகள், கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்.

"இவளுக்கு எந்த குரூப் டீச்சர் வாங்குறது?"

"அவ என்ன சொல்றா? அவளையே கேளேன்" என்றேன். ஓய்வு பெற்றபின் வந்த ஞானம்.

அவள் சிரித்தாள். "என்னைய நீங்க கேக்கலையே டீச்சர்" என்றாள். அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மகளைப் பார்த்து, "சொல்லு" என்றாள். மகள் முதல் குரூப் என்றாள்.

*எல்லைப் பலகையின் இருபுறமும்*

காரைக்காலிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாட்டின் வரவேற்புப் பலகை வந்துவிடும். அந்தப் பலகைக்கு அப்பால் நடந்த ஒரு மாற்றத்தை எங்கள் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரில் வாழ்ந்தவர். தேவதாசி முறையை அதன் உள்ளிருந்தே அறிந்து எதிர்த்தவர், 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர். 1989இல் தமிழ்நாடு அரசு அவர் பெயரில் ஒரு திருமண உதவித் திட்டம் தொடங்கியது. ஏழைப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் திருமணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு பத்தாம் வகுப்பு தகுதியாயிற்று, தொகை கூடியது, பட்டம் படித்தவர்களுக்கு அதிகத் தொகையும் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தன. அந்தப் பணத்துக்காகவே பெண்ணைப் பள்ளியில் வைத்திருந்த வீடுகள் பல. அந்த அளவில் அது நன்மையே. ஆனால் படிப்பு அங்கே திருமணத்துக்கான தகுதிச் சான்றாக இருந்தது. அரசே படிப்பின் மறுமுனையில் தாலியை வைத்தது.

2022 செப்டம்பர் 5 அன்று அந்தத் திட்டம் 'புதுமைப் பெண்' என்று மாறியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே. பணத்தின் அளவைவிட அது போய்ச் சேரும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மணமகளின் தகப்பனுக்கு உதவுவதாக இருந்த பணம் மாணவியின் கைக்கு வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் அதே அம்மையாரின் பெயர் திருமண மண்டபத்திலிருந்து கல்லூரி வாசலுக்கு நகர்ந்தது. ஆனால் அது தமிழ்நாட்டு அரசின் திட்டம். பலகைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் அரசுப் பள்ளிப் பெண்ணுக்கு அது கிடையாது. ஒரே வாய்க்காலின் இரு கரைகளில் வாழும் இரண்டு பெண்களில் ஒருத்திக்கு உண்டு, மற்றவளுக்கு இல்லை.

எங்களுக்கென்று வந்தவையும் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாடு 2020இல் 7.5 விழுக்காடு ஒதுக்கியது. புதுச்சேரி அரசு 2023இல் 10 விழுக்காடு ஒதுக்கியது. காரைக்கால் பெண்ணுக்கு அது பெரிய கதவு. ஊருக்குள்ளேயே தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2010 முதல் இருக்கிறது, திருவேட்டக்குடியில் அதன் வளாகம். ஜிப்மரின் காரைக்கால் கிளை 2016இல் வந்தது. அம்மாவின் காலத்தில் 130 கிலோமீட்டரில் இருந்த அடுத்த வகுப்பு, இன்று நகரப் பேருந்து போகும் தூரத்தில்.

ஆனாலும் அந்த வளாகத்தின் மதிலைத் தினமும் கடந்து போகும் பெண்களில் எத்தனை பேர் உள்ளே போகிறார்கள்? ஒன்றுக்கு ஜே.இ.இ., மற்றதற்கு நீட். இரண்டுக்கும் தனிப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பணம் வேண்டும், மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டுக்கு வெளியே இருக்க அனுமதி வேண்டும். மகனுக்குக் கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்தை மகளுக்குக் கட்ட யோசிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. 2018 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் வந்துவிட்டன. இடம் காத்திருக்கிறது, அங்கே போகும் வழிக்குத்தான் கட்டணம். அடுத்த வகுப்பு ஊருக்குள் வந்த அதே நேரத்தில், அதற்கு முந்தைய வகுப்பு பள்ளியை விட்டு வெளியேறி, பயிற்சி மையத்தின் மாடியில் போய் உட்கார்ந்துகொண்டது. தூரத்தை இப்போது கிலோமீட்டரில் அளக்க முடியாது, ரூபாயிலும் இரவு நேரத்திலும்தான் அளக்க வேண்டும்.

எங்கள் அரசுப் பள்ளிகள் இப்போது மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. 2025இல் மாணவிகள் முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதினார்கள். நுழைவுத் தேர்வுக்கு இது உதவும் என்கிறார்கள் ஒரு சாரார். தமிழில் யோசிக்கும் பிள்ளையைத் தடுமாற வைக்கும் என்கிறார்கள் மறுசாரார். எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் என் கேள்வி மாறப்போவதில்லை. பள்ளி நேரத்துக்குள், பள்ளிக் கட்டடத்துக்குள், காசில்லாமல் அந்தப் பயிற்சி கிடைக்குமா? ஒவ்வொரு பெண்கள் பள்ளியிலும் முதல் குரூப் இருக்குமா? சேர்க்கை மேசையில் உட்காரும் டீச்சர் தாயிடம் பேசி முடித்தபின் மகள் பக்கம் திரும்புவாளா?

இதை வாசிக்கும் மாணவிகளுக்கும் இளம் ஆசிரியைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, அத்தை, சித்தி எல்லோரிடமும் கேளுங்கள். எந்த வகுப்போடு நின்றீர்கள், அதற்கு அடுத்த வகுப்பு எங்கே இருந்தது என்று கேட்டு ஊரையும் ஆண்டையும் தூரத்தையும் குறித்து வையுங்கள். 'எனக்குப் படிப்பு ஏறல' என்றுதான் முதலில் சொல்வார்கள். மாற்றுச் சான்றிதழில் நாங்கள் எழுதியதைப் போல அதுவும் பழக்கத்தால் வருகிற பதில். இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். அப்போது பேருந்து, ஆய்வகம், தம்பி, நடவு, வயசு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நம் பெண்களின் கல்வி வரலாறு அங்கேதான் கிடக்கிறது.

நான் சொன்ன பெண்ணின் மகள், அந்த முதல் சி.பி.எஸ்.இ. அணியில் தேர்வு எழுதினாள். திருவேட்டக்குடி வளாகத்தில் இடம் கிடைக்கவில்லை. பயிற்சிக்கு ஒரே ஒரு கோடை விடுமுறைதான் போக முடிந்தது. இப்போது கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். சேர்ந்த அன்று அவள் அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னாள், "எம்.எஸ்சி.க்குப் புதுச்சேரி போறேன்னு இப்பவே சொல்றா டீச்சர்."

130 கிலோமீட்டர். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"போகட்டும்னு சொன்னேன்" என்றாள்.